டியூஷன் ஃபீஸ், போலி கார், 6 மில்லிமீட்டர் வீல்... குட்டி கார் சேர்க்கும் கோவைப் பையனின் பெரிய கனவு!

கோவை, கணபதி. இரவு எட்டரை மணி. வரிசையாக இருக்கும் லேத் பட்டறைகளில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு பட்டறையில் மட்டும் இன்னும் லைட் எரிகிறது. பகலெல்லாம் பம்ப் ஷாஃப்ட் கடைந்த லேத்தில், இப்போது பென்சில் தடிமனுக்கு ஓர் அலுமினியக் கம்பி சுற்றுகிறது. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அப்பா கடைய, பக்கத்தில் வெர்னியரோடு நிற்கிறான் ப்ளஸ் டூ படிக்கும் மகன்.

"எவ்வளவு?"

"ஆறு புள்ளி மூணுங்கப்பா."

"இன்னும் கொஞ்சம் எடுக்கோணும். ஓ ரிங் லூஸாகக் கூடாது, டைட்டாவும் இருக்கக் கூடாது."

கடைந்து முடித்ததும் கம்பியின் நுனியிலிருந்து ஒரு சின்ன வில்லை கழன்று அப்பாவின் உள்ளங்கையில் விழுகிறது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அது ஒரு அம்பாசிடர் காரின் வீல்!

உண்மையான அம்பாசிடர் இல்லை. 64 மடங்கு சிறியதாக இந்தப் பையன் செய்துகொண்டிருக்கும் அம்பாசிடர். இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே வீட்டில் கார் என்ற வார்த்தையைச் சொன்னாலே சண்டைதான். இன்று அப்பா ஓவர்டைம் போட்டு வீல் கடைகிறார். நடுவில் என்ன நடந்தது?

(ப்ளஸ் டூ பரீட்சை முடியும்வரை மகனின் பெயரும் போட்டோவும் வேண்டாம் என்பது அம்மாவின் கண்டிஷன். அதனால் இந்தக் கட்டுரையில் அவன் வெறும் 'தம்பி'.)

தாத்தா வாங்கித் தந்த முதல் கார்

தம்பியின் தாத்தா, கோவையில் ஒரு மில் முதலாளியின் குடும்பத்துக்கு 28 வருடங்கள் அம்பாசிடர் ஓட்டியவர். மில் மூடிய பிறகும் கொஞ்ச காலம் டாக்ஸி ஓட்டினார். இப்போது வயது 79. கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

"இவனுக்கு அஞ்சு வயசு இருக்கும். மருதமலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். திரும்பி வர்றப்ப கடையில நின்னுட்டு நகரவே மாட்டேன்னுட்டான். ஒரு சிவப்பு காரு. வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, அதைத் தலைகீழாக் கவுத்து, அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டு இருக்கறான். சரி, இது நம்ம ரத்தம்னு நெனச்சேன்" என்று சிரிக்கிறார் தாத்தா.

அந்தச் சிவப்பு காரில் இப்போது பெயின்ட் இல்லை. ஒரு வீலும் இல்லை. ஆனால், ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் அதற்கு இடம் உண்டு. அதையும் சேர்த்து மொத்தம் 126 கார்கள். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், ஜப்பானின் டொமிகா, பிரான்ஸின் மேஜரெட் எனப் பல கம்பெனிகள். அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைப்பது ஒரு வகை சேகரிப்பு. தம்பி அந்த ரகம் இல்லை. வாங்கிய அன்றே பிரித்துவிடுவான்.

"பிரிக்காம வெச்சா விலை ஏறும்னு சொல்வாங்க. ஆனா கையில எடுத்துப் பார்க்காத கார் எதுக்குங்க?" என்பது அவன் கேள்வி.

ஒவ்வொரு காருக்கும் ஒரு 192 பக்க நோட்டில் தனி வரி இருக்கிறது. எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன விலை, நிஜத்தில் அந்தக் கார் எந்த வருடம் வந்தது, இன்ஜின் முன்னாலா பின்னாலா... எல்லாம் எழுதியிருக்கிறான். ஏழாவது படிக்கும் தங்கைக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பழைய காலண்டர் அட்டையைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு காரையும் உருட்டிவிட்டு, நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவாள். "அண்ணனோட ஃபேவரைட் காருக்கு நான் பத்துக்கு நாலுதான் போட்டேன். இழுக்குது!" என்கிறாள் கறாராக.

தீப்பெட்டியில் பிறந்த கதை

தம்பியிடம் பேச்சுக் கொடுத்தால், இந்தக் குட்டி கார்களின் சரித்திரத்தையே ஒப்பிக்கிறான்.

இங்கிலாந்தில் 1947-ல் 'லெஸ்னி' என்றொரு சிறிய வார்ப்புக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் பங்குதாரர்களில் ஒருவர் ஜாக் ஓடெல். அவருடைய மகள் படித்த பள்ளியில் ஒரு விதி. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம். மகளுக்காகப் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார் அப்பா. மற்ற பிள்ளைகளும் அதே போல வேண்டும் என்று கேட்க, 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. பெயருக்குக் காரணம் அந்தத் தீப்பெட்டிதான்.

அமெரிக்காவில் மேட்டல் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான எலியட் ஹேண்ட்லர், இதைவிட வேகமாக ஓடும் குட்டி கார் வேண்டும் என்று நினைத்தார். 1968-ல் 'ஹாட் வீல்ஸ்' வந்தது. முதல் வருடம் வந்த மாடல்கள் 16. அவற்றை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஹாரி பென்ட்லி பிராட்லி, ஜெனரல் மோட்டார்ஸில் நிஜக் கார்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஹாட் வீல்ஸ் கார்களை வரைந்த லாரி வுட், அதற்கு முன்பு ஃபோர்டில் இருந்தவர்.

"பொம்மைன்னு சொல்றோம். ஆனா வரைஞ்சவங்க நிஜ கார் டிசைனருங்க" என்கிறான் தம்பி.

செய்முறையும் அப்படித்தான். துத்தநாகத்தை முக்கியமாகக் கொண்ட உலோகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கிறார்கள். இதுதான் 'டை காஸ்டிங்'. நிஜக் காரின் கியர்பாக்ஸ் கூடு, மோட்டார் கூடு போன்றவை அலுமினியத்தில் வார்க்கப்படுவதும் இதே முறையில்தான். கோவைக்காரர்களுக்கு இது புதிதல்ல. இங்கே இந்த வேலை செய்யும் பட்டறைகள் நிறையவே இருக்கின்றன.

போலி கார் கற்றுக்கொடுத்த பாடம்

இப்போது அம்மா பேச வேண்டிய இடம். அவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார்.

"பத்தாவது படிக்கிறப்ப இவனுக்கு இந்தக் கார் பைத்தியம் தலைக்கேறிடுச்சுங்க. எந்தக் கடைக்கு எப்ப புது டப்பா வருதுன்னு கணக்கு வெச்சுட்டு, டியூஷனுக்குப் போகாம கடைக்குப் போயிருக்கறான். எனக்குத் தெரியாது. ஒரு நாள் டியூஷன் சார் போன் பண்ணி, 'ரெண்டு மாசமா ஃபீஸ் வரலைங்க'ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 1,800 ரூபாய். ஜாக்கெட் தெச்சு எடுத்து வெச்ச காசு."

அந்தப் பணம் எங்கே போனது?

ஹாட் வீல்ஸில் 'ட்ரெஷர் ஹன்ட்' என்றொரு சமாச்சாரம் உண்டு. 1995-ல் தொடங்கியது. வழக்கமான கார்களுக்கு நடுவே, குறைவான எண்ணிக்கையில் சில சிறப்பு கார்களைக் கலந்து அனுப்புவார்கள். அதிலும் 'சூப்பர்' ரகம் என்றால் பளபளக்கும் தனிப் பெயின்ட், நிஜ ரப்பர் டயர் என இன்னும் விசேஷம். கடையில் சாதாரண விலைக்கே கிடைக்கும். ஆனால் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் கையில் கிடைத்தவர்கள் பல மடங்கு விலை வைத்து விற்பது உண்டு.

அப்படி ஒரு 'சூப்பர்' காரை இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கியிருந்தான் தம்பி. "அட்டையில இருந்து பிரிச்சது, அதனாலதான் இந்த விலைக்குக் குடுக்கறேன்னாரு. நம்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு அடிப்பக்கம் பார்த்தப்பதான் தெரிஞ்சது. ரிவெட்டைத் துளை போட்டுக் கழட்டி, திரும்ப பசை வெச்சு ஒட்டியிருக்காங்க. சாதா காருக்குப் பெயின்ட் அடிச்சு, ரப்பர் டயர் மாட்டி, சூப்பர்னு வித்திருக்காங்க. போன் பண்ணினா நம்பர் போகல."

யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் அந்தக் கார் ஸ்கூல் பேக்கின் அடியிலேயே கிடந்தது. டியூஷன் ஆசிரியரின் போன் வந்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது.

அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் தையல் பெட்டியில் போட்டுக்கொண்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா திட்டினது கூடப் பரவாயில்லைங்க. அப்பா ஒரு வாரம் என்கிட்ட பேசவே இல்லை. அதுதான் தாங்கல" என்கிறான் தம்பி.

ஒரு வாரம் கழித்து அவனே அம்மாவிடம் போய் நின்றான். கார்களை விற்று 1,800 ரூபாயையும் திருப்பித் தருவதாகச் சொன்னான். அம்மா சாவியைக் கொடுத்தார். தெரிந்த நண்பர்கள் வழியாக, ஒன்று இரண்டாக 22 கார்களை விற்றான். பரீட்சைக்கு முன்பே கடன் அடைந்தது.

விற்கும்போதுதான் ஒரு விஷயம் அவனுக்கே புரிந்திருக்கிறது. "விலை ஜாஸ்தியான காரையெல்லாம் கொடுக்கறதுக்கு மனசு வலிக்கலைங்க. நான் உட்கார்ந்து வீல் சரி பண்ணின கார், ஆக்ஸில் நிமிர்த்தின கார்... அதை மட்டும் எடுத்துக் குடுக்க முடியல. அப்ப எனக்குக் கார் சேர்க்கறது பிடிக்குமா, கார் செய்யறது பிடிக்குமான்னு யோசிக்க ஆரம்பிச்சேன்."

அந்தப் போலி காரை அவன் தூக்கிப் போடவில்லை. எப்படிப் பிரித்தார்கள், எப்படி ஒட்டினார்கள் என்று அதையே பிரித்துப் பார்த்தான். ஏமாற்றியவர் செய்த வேலையே முதல் பாடமானது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பெயின்ட் போன பொம்மை கார்களை வாங்கி வந்தான். ரிவெட்டைத் துளையிட்டுப் பிரித்து, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, உப்புக் காகிதம் போட்டு, ப்ரைமர் அடித்து, புதுப் பெயின்ட் கொடுத்துத் திரும்பப் பூட்டினான். ஒன்றையும் ஒரிஜினல் என்று சொல்லி விற்பதில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் 'மாற்றி அமைத்தது' என்று சின்ன எழுத்தில் எழுதிவிடுகிறான்.

அந்தப் போலி கார் இப்போது அலமாரியில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. நோட்டில் அதற்கு நேராக எழுதியிருப்பது: 'விலை 1,800. அம்மா பணம்.'

அப்பாவின் பயம்

அப்பாவுக்குக் கார் மீது கோபம் இல்லை. பயம்தான்.

"நான் பத்தாவதோட லேத்துக்கு வந்தவன். இருபத்தஞ்சு வருசமா இதே மெஷின். பம்ப் வேலை பாதி, ஆட்டோமொபைல் வேலை பாதி. இப்ப எலெக்ட்ரிக் வண்டி வந்துட்டு இருக்குது. பெட்ரோல் இன்ஜின்ல பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட்னு எத்தனை பாகம்! கரன்ட் வண்டியில அதெல்லாம் இல்லையே. எங்க தொழிலுக்கே நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாதப்ப, மகனும் கார் கார்னு திரிஞ்சா பயம் வராதுங்களா? கம்ப்யூட்டர் படிச்சு ஏ.சி. ரூம்ல உட்காரட்டும்னுதான் நெனச்சேன்."

அவர் பயம் நியாயமானது. கோவையில் இப்படிப் பல பட்டறைக்காரர்கள் யோசிக்கிறார்கள். ஆனால், மின்சார வண்டிக்கும் வீல் வேண்டும், பிரேக் வேண்டும், மோட்டாருக்குக் கூடு வேண்டும், பேட்டரிக்கு உறுதியான பெட்டி வேண்டும். தமிழ்நாட்டில் கார் தொழில் நின்றுவிடவும் இல்லை. ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வந்ததில் தொடங்கி, ஒரகடத்தில் ரெனோ-நிஸான், தூத்துக்குடியில் 2025-ல் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை என அது மாறிக்கொண்டே வளர்கிறது. அதே நேரம், ஃபோர்டு போல உற்பத்தியை நிறுத்திய கம்பெனியும் உண்டு. ஆக, அப்பா சொல்வதும் சரி, மகன் ஆசைப்படுவதும் தப்பில்லை.

இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு வீல். பழைய பொம்மை ஒன்றுக்கு வீல் உடைந்திருந்தது. கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. காகிதத்தில் அளவு போட்டு, பட்டறை மேஜையில் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டான் தம்பி. கேட்கத் தைரியம் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால், அதே காகிதத்தின் மேல் நான்கு வீல்கள். கூடவே அப்பாவின் கையெழுத்தில் ஒரு திருத்தம். 'ஆக்ஸில் துளைக்கு டாலரன்ஸ் போடவில்லை. அடுத்த தடவை போடு.'

"டிராயிங் சரியாத்தான் போட்டிருந்தான். அது எனக்கே ஆச்சரியம்" என்கிறார் அப்பா, மகன் பக்கம் பார்க்காமல்.

என்ன படிக்கலாம்?

கார் பிடிக்கும் என்பது வேறு, கார் துறையில் வேலை என்பது வேறு. எந்த வேலை என்று பிரித்துப் பார்த்தால்தான் படிப்பு தெளிவாகும். தம்பி தன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதையும் எழுதி வைத்திருக்கிறான்.

பொறியியல் வழி: தமிழ்நாட்டில் பி.இ. ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் படிக்க, ப்ளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது. தனி நுழைவுத்தேர்வு கிடையாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் ஆட்டோமொபைல் பிரிவு இருக்கிறது. தம்பி படிப்பது அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

வடிவமைப்பு வழி: கார் எப்படித் தெரிய வேண்டும், உள்ளே உட்கார்ந்தால் கை எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் டிசைனர். இதற்கு பி.டெஸ். படிப்பு. ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் 'யுசீட்' தேர்வை, எந்தப் பிரிவில் ப்ளஸ் டூ படித்தவரும் எழுதலாம். அதில் கையால் வரைய வேண்டிய பகுதியும் உண்டு. பி.இ. முடித்த பிறகு 'சீட்' தேர்வு எழுதி எம்.டெஸ். சேர்வது இன்னொரு வழி. ஐ.ஐ.டி. மும்பையின் ஐ.டி.சி.யிலும், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலும் வாகன வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது.

தொழில் வழி: பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு அல்லது மூன்று வருட டிப்ளமோ படிக்கலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். கையில் வேலை தெரிந்த பிறகு படிப்பது என்பதால், இதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

தம்பியின் முன்மாதிரிகள் இருவர். ஒருவர் ராம்கிருபா அனந்தன். பிலானி பிட்ஸில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், பிறகு ஐ.ஐ.டி. மும்பையில் டிசைன் படித்து, மஹிந்திராவில் சேர்ந்தவர். எக்ஸ்.யு.வி. 500, தார், எக்ஸ்.யு.வி. 700 ஆகியவற்றின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு அவருடையது. "நான் பெரியவளானா ராம்கிருபா மேடம் மாதிரி ஆவேன், அண்ணன் எனக்குக் கீழதான் வேலை பார்க்கோணும்" என்று இடையில் குரல் கொடுக்கிறாள் தங்கை.

இன்னொருவர், ஸ்காட்லாந்தின் இயன் காலம். 14 வயதில் தான் வரைந்த கார் படங்களை ஜாகுவார் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பியவர். ஊக்கம் தரும் பதில் வந்தது. படித்தார், வரைந்தார், 1999-ல் அதே ஜாகுவாரின் வடிவமைப்புத் தலைவரானார். இருபது வருடங்கள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வீட்டில் பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. முதலில் பி.இ., அது அப்பாவின் நிபந்தனை. "மெஷின் புரியாம படம் மட்டும் வரைஞ்சா, அதை எவனும் செய்ய முடியாது." பிறகு எம்.டெஸ்., அது மகனின் ஆசை. இரண்டுக்கும் நடுவில் கார் வாங்க மாதம் 300 ரூபாய்க்கு மேல் கிடையாது. அது அம்மாவின் சட்டம்!

கோவைக்கு இது புதுசா?

வண்டிப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் கோவைக்குப் புதியவர்கள் அல்ல. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். அதை வாங்குவதற்காகவே கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கியதும் ஓட்டியதோடு நிற்கவில்லை. பாகம் பாகமாகப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

அவர் குடும்பத்தினர் உருவாக்கிய ஜிடி கார் மியூசியம் அவிநாசி சாலையில் இருக்கிறது. 2015-ல் திறக்கப்பட்டது. தம்பிக்கு அதுதான் கோயில். தாத்தாவோடு நான்கு முறை போயிருக்கிறான்.

சொந்தமாக ரேஸ் கார் கட்டிய எஸ்.கரிவரதன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். அதே கரி மைதானத்தில், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களோடு போட்டியிடும் 'ஃபார்முலா பாரத்' நடந்து வருகிறது. பெட்ரோல் கார், மின்சார கார் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. காலேஜ் சேர்ந்த முதல் வருடமே அந்த டீமில் சேர்ந்துவிட வேண்டும் என்பது தம்பியின் உடனடித் திட்டம்.

தாத்தாவின் அம்பாசிடர்

இப்போது அவன் கையில் இருக்கும் வேலை, தாத்தா ஓட்டிய அந்தக் கிரீம் கலர் அம்பாசிடர். கண் ஆபரேஷனுக்கு முன்பு தாத்தா கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

"ரெடிமேடா வாங்கலாம். ஆனா தாத்தா ஓட்டின வண்டி மாதிரியே வேணுமே" என்கிறான். தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரை டேப் வைத்து அளந்தான். நிஜ அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 64-ஆல் வகுத்தால் 6.7 சென்டிமீட்டர். இலவசமாகக் கிடைக்கும் 'பிளெண்டர்' சாஃப்ட்வேரில், அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் வரைந்தான். பிறகு மரக்கட்டையைச் செதுக்கி, மேலே கார்களுக்கு டிங்கரிங்கில் பூசும் பட்டியைப் பூசித் தேய்த்தான். டயருக்குப் பம்ப்பில் போடும் சின்ன ஓ ரிங். அந்த ஓ ரிங் உட்காரத்தான் அப்பா வீல் கடைகிறார்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஒரு பரிசோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காரைத் தாத்தாவின் கையில் கொடுத்தான். கண் மங்கல் என்பதால் அவர் பார்க்கவில்லை. விரலால் தடவினார். முன்னால் வட்ட விளக்குகள், பானெட், கூரையின் வளைவு, பின்பக்கம். வீடே அமைதியாக இருந்தது.

"பானெட் சரியா இருக்குது. கூரையும் சரி. பின்னாடி டிக்கி ரொம்ப எறங்கிப் போச்சு, சாமி. இவ்வளவு எறங்கினா மொதலாளி வீட்டு மூட்டை எங்க போறது? அது நல்லா பெருத்து, உருண்டையா இருக்கோணும்."

அளவு போட்ட நோட்டை எடுத்துப் பார்த்தான் தம்பி. அளவில் தப்பில்லை. மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் மீண்டும் அளந்தபோதுதான் தெரிந்தது. அங்கே நிற்கும் கார் எப்போதோ பின்னால் இடி வாங்கி, டிங்கரிங் செய்து நிமிர்த்தப்பட்டது. டிக்கி அதன் பழைய வடிவத்தில் இல்லை. டேப் சொன்னதைவிடத் தாத்தாவின் கை சொன்னதுதான் சரி!

"28 வருசம் தொடைச்ச வண்டிங்க. கைக்குத் தெரியாதா?" என்கிறார் தாத்தா.

டிக்கியின் மேல் மறுபடியும் பட்டி பூசி, தேய்க்கும் வேலை நடக்கிறது. ஆபரேஷனுக்கு இன்னும் பதினோரு நாள். ப்ளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட்டும் அதே வாரம். படிப்பு முடிந்த பிறகு ராத்திரி அரை மணி நேரம் மட்டும் என்று அம்மா டைம் டேபிள் போட்டிருக்கிறார். பட்டறையில் நான்காவது வீலும் கடைந்தாகிவிட்டது. அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு, கேட்காமலேயே இன்னொரு கம்பியை லேத்தில் பூட்டுகிறார்.

"நாலு போதுமேங்கப்பா?"

"ஸ்டெப்னி வேண்டாமா?"

குட்டி கார் சேர்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

* மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். அதைப் பிள்ளையே நோட்டில் எழுதி வரட்டும்.

* முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். விலை உயர்ந்த கார் என்றால் அடிப்பக்க ரிவெட் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

* விலை ஏறும் என்று நம்பி வாங்குவது சேமிப்பு அல்ல. பிடித்ததை மட்டும் வாங்கப் பழக்குங்கள்.

* உலோகத்தில் துளை போடும்போது கண்ணாடியும், ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும்போது முகக்கவசமும் அவசியம். மூடிய அறையில் பெயின்ட் அடிக்கக் கூடாது.

* தப்பு நடந்தால் பயமில்லாமல் வந்து சொல்லும் இடமாக வீடு இருக்கட்டும். அலமாரியைப் பூட்டினாலும், சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்!